பெயர் எழுதிய நோட்டுகள்

நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை என்றுதான் எங்கள் குமரி மாவட்டத்துக் கடற்கரையைச் சொல்வார்கள். ஏறக்குறைய 70 கிலோமீட்டர், நாற்பதுக்கு மேற்பட்ட மீனவ ஊர்கள். ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியாளுக்குத் தெரியாது. வீடுகள் அவ்வளவு நெருக்கம். கோயில் கோபுரத்தைப் பார்த்துத்தான் ஊர்ப்பெயர் சொல்ல வேண்டும். அந்தக் கோபுரத்தடியில் ஒரு பதிவேடு இருக்கும். பிறந்தவர், ஞானஸ்நானம் பெற்றவர், மணமுடித்தவர், மரித்தவர் எல்லோரும் அதில் உண்டு. ஒரு பேரிடர் வந்து போனபின் இந்தக் கரையில் யார் எழுந்து நின்றார்கள், யார் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அலையோ காற்றோ நினைவில் வருவதில்லை. நோட்டுகள்தான் வருகின்றன. யார் பெயரை யார் எழுதினார்கள், எந்த நோட்டில் எழுதினார்கள் என்பதுதான் வருகிறது.

2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்கள். நாகர்கோவில் பக்கத்தில் இருந்த எங்களுக்கு ஒக்கிப் புயல் என்றால் முறிந்த ரப்பர், குலையோடு சாய்ந்த வாழை, ஆயிரக்கணக்கில் விழுந்த மின்கம்பங்கள், நாள்கணக்கில் இருட்டு. மாடியில் தண்ணீர் இல்லை என்பதுதான் எங்கள் தெருவில் பெரிய பேச்சு. அதே காற்று கடப்புறத்தில் வேறு கணக்கைத் தொடங்கியிருந்தது என்பது எங்களுக்கு உறைக்கச் சில நாட்கள் ஆயின. போன் வேலை செய்யாதது ஒரு காரணம். கடப்புறத்துச் செய்தி உள்நாட்டுக்கு வந்து சேர எப்போதுமே நேரம் எடுக்கும் என்பது அதைவிடப் பழைய காரணம்.

அந்த வாரம் தூத்தூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் பங்கு அலுவலகத்தில் ஒரு நோட்டைப் பார்த்தேன். வட்டிக்கடையில் வைத்திருப்பது போன்ற நீளக் கணக்கு நோட்டு. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தார்கள். படகின் பெயர், எந்தத் துறைமுகத்திலிருந்து போனது, போன தேதி, படகில் இருந்தவர்கள், தகப்பன் பெயர், எந்த அன்பியம் (பங்கின் சிறு குழு), கடைசியாகப் பேசியது எப்போது. எழுதிக்கொண்டிருந்தவள் கல்லூரியில் படிக்கிற பெண். யாராவது கரை சேர்ந்த தகவல் வந்தால் அந்தப் பெயருக்கு நேரே பச்சை மையில் இடத்தின் பெயரை எழுதினாள். கவரத்தி என்று ஒன்று. மகாராஷ்டிரத்துத் தேவ்கட் என்று ஒன்று. பச்சை விழாத வரிகள் நிறைய இருந்தன. வாசலில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"எனக்க மவன் பேரு உண்டுமா மக்களே?"

"உண்டு மாமி. ரெண்டாம் பக்கத்துல உண்டு."

மகன் உயிரோடு இருக்கிறானா என்று அந்தத் தாய் கேட்கவில்லை. அதற்கு அந்த அறையில் பதில் இல்லை என்று அவருக்குத் தெரியும். பெயர் விட்டுப்போகவில்லை என்ற உறுதி மட்டும் போதுமாக இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு போய், மறுபடி சற்று நேரம் கழித்து வந்து அதையே கேட்டார்.

அரசாங்கத்திடமும் ஒரு பட்டியல் இருந்தது. இரண்டு பட்டியல்களும் பொருந்தவில்லை. இதைச் சோம்பல் என்றோ வஞ்சம் என்றோ சொல்லிக் கடந்துவிட முடியாது. தூத்தூர் வட்டாரத்து எட்டு ஊர்க்காரர்கள் கரையோரத்தில் தொழில் செய்கிறவர்கள் இல்லை. சுறாவும் சூரையும் தேடி லட்சத்தீவையும் தாண்டிப் போகிறவர்கள். ஒரு முறை போனால் வாரக்கணக்கு, சில வேளை மாதத்துக்கு மேல். புயல் எச்சரிக்கை வருமுன்பே அவர்கள் கரையை விட்டுப் போய் நாளாகியிருந்தது. வயர்லெஸ் எட்டும் தூரத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு எந்த எச்சரிக்கையும் எச்சரிக்கை ஆகாது. பலர் ஏறியது கொச்சித் துறைமுகத்தில். குடும்பம் தமிழ்நாட்டில், படகு புறப்பட்டது கேரளத்தில், கடலோ மத்திய அரசின் பொறுப்பில். அந்த மூன்று அரசுகளின் அலுவலகங்களிலும் முழுப் பட்டியல் இல்லை. முழுப் பட்டியல் இருந்த ஒரே இடம் ஊர்க் கோயில்.

இதற்கு வேர் தேடினால் 1956க்குப் போக வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர் மண்ணிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதற்காக எங்கள் பெரியவர்கள் போராடினார்கள். 1954இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தவர்களும் உண்டு. மாநில எல்லை நகர்ந்தது, மறைமாவட்ட எல்லை நகரவில்லை. தூத்தூர் வட்டாரம் இன்றும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தின் கீழ்தான் இருக்கிறது. ஒக்கி வந்தபோது அங்கே பேராயராக இருந்த சூசைபாக்கியம் அவர்களே இந்தக் கரையின் மார்த்தாண்டன்துறைக்காரர். எனவே இங்கே ஒரு படகைக் காணோம் என்றால் அந்தத் துயரம் முதலில் திருவனந்தபுரத்துக்குப் போய், பிறகுதான் சென்னைக்கு வந்தது. கேரளம் இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் என்று சொன்னதும் எங்கள் கரையில் எழுந்த கேள்வி இயல்பானது. ஒரே படகில் போனோம், ஒரே காற்றில் விழுந்தோம், எங்கள் உயிருக்கு மட்டும் வேறு விலையா?

டிசம்பர் 7 அன்று அந்த எட்டு ஊர்க்காரர்களும் குழித்துறைக்கு நடந்தார்கள். ஆண்கள், பெண்கள், பாட்டிகள், கைக்குழந்தையோடு வந்தவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் ரயில் பாதையில் உட்கார்ந்தார்கள். நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே ரயில் ஓடவில்லை. இரவு வரை எழவில்லை. கடலோர ஊரிலேயே அவர்கள் எவ்வளவு அழுதிருந்தாலும் யார் காதிலும் விழுந்திருக்காது. உள்நாட்டின் நடுவே, தண்டவாளத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் மாநிலம் திரும்பிப் பார்த்தது. அப்போது சென்னையில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் பரபரப்பு. வாக்குப்பதிவு டிசம்பர் 21. குமரி மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளிலும் 2016இல் திமுகவும் காங்கிரசும்தான் வென்றிருந்தன. ஆளுங்கட்சிக்கு இங்கே ஒரு உறுப்பினர்கூட இல்லை. மக்களவை உறுப்பினர் மத்திய அமைச்சர், பாஜகக்காரர். கடற்கரையோ இனயம் துறைமுகத் திட்டத்தை எதிர்த்து ஏற்கெனவே அவர்களோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தது. அரசியல் வழியில் இந்தக் கரையின் குரல் போய்ச் சேர நேர்ப்பாதை எதுவும் அப்போது இல்லை. முதல்வர் எடப்பாடி பழனிசாமி டிசம்பர் 12 அன்று வந்தார்; 20 லட்சமும் குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலையும் அறிவித்தார். பிரதமர் 19ஆம் தேதி வந்தார். பேரிடரைத் தேசியப் பேரிடராக அறிவிக்கும் கோரிக்கை கடைசிவரை நிறைவேறவில்லை. திவ்யபாரதி எடுத்த ஆவணப்படத்துக்கு ‘ஒருத்தரும் வரேல’ என்றுதான் பெயர். அந்த இரண்டு சொற்களை அந்த வாரம் நான் எத்தனை வாயில் கேட்டேன்!

ஒருத்தரும் வரவில்லை என்பதைக் கேட்கும்போது, எல்லோரும் வந்த சுனாமி ஆண்டு நினைவில் எழுகிறது. 2004.

டிசம்பர் 26, ஞாயிறு. கிறிஸ்துமசுக்கு மறுநாள். காலைப் பூசை முடிந்து ஆட்கள் வீட்டுக்கும் கரைக்குமாகக் கலைந்திருந்த நேரம். மேற்குக் கடற்கரையில் இருக்கும் குளச்சல் இவ்வளவு அடி வாங்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அலை குமரி முனையைச் சுற்றிக்கொண்டு வந்தது. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் ஊருக்குப் பின்னால் ஏ.வி.எம். கால்வாய் கிடந்தது. அனந்த பத்மநாபன், விக்டோரியா மகாராணி, மார்த்தாண்ட வர்மா ஆகிய மூவரின் பெயரால் 1860களில் திருவிதாங்கூர் வெட்டத் தொடங்கிய நீர்வழி. பின்னாளில் போக்குவரத்து நின்று, தூர்ந்து, சகதியும் கழிவுமாகக் கிடந்தது. அலைக்குத் தப்பி உள்நாட்டுப் பக்கம் ஓடியவர்களுக்கு முன்னால் கால்வாய், பின்னால் கடல். பலருடைய உடல்கள் அந்தக் கால்வாயிலிருந்துதான் எடுக்கப்பட்டன. கடல் கொன்றது என்று எழுதிவிட்டோம். ஒரு ஊருக்கும் உள்நாட்டுக்கும் நடுவே போதுமான பாலமில்லாமல் ஒரு சாக்கடையை அவ்வளவு காலம் விட்டுவைத்ததற்கு எந்த நோட்டிலும் வரி இல்லை.

குளச்சல் காணிக்கை மாதா ஆலயத்தில் ஒரே குழியில் நானூறு பேருக்கு மேல் அடக்கம் செய்தார்கள். கொட்டில்பாட்டில் ஏறக்குறைய இருநூறு பேர். மணக்குடியில் நூற்றுக்கு மேல். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். கடலில் இருந்த ஆண்கள் தப்பினார்கள். ஆழத்தில் இருந்த படகுக்கு அலை தெரியவே இல்லை. திரும்பி வந்து பார்த்தால் கரை இல்லை. ஒக்கியில் இது தலைகீழானது. கரையில் பெண்கள் இருந்தார்கள், ஆண்கள் வரவில்லை. பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் இரண்டு விதமாகவும் பாதி இழந்த கரை இது.

2004இல் அடக்கம் நடந்த வேகம் இன்னும் கண்ணில் இருக்கிறது. பெட்டி இல்லை, தனித்தனிக் குழி இல்லை, உறவுக்காரர் ஒவ்வொருவராக மண் போடும் வழக்கமும் இல்லை. ஆனால் அடக்கம் என்று ஒன்று நடந்தது. ஊர் முழுவதும் கூடி நின்று ஜெபம் சொன்னது. ஆண்டுதோறும் அதே நாளில் கடலுக்குப் போகாமல், ஊர்வலமாக வந்து, மெழுகுவத்தி ஏற்றி நிற்க ஓர் இடம் கிடைத்தது. ஒக்கியில் அது கிடைக்கவில்லை. உடல் வராத வீட்டில் எந்த நாளை இறந்த நாளாக வைப்பது? ஏழாம் நாள் பூசையை எந்த நாளிலிருந்து எண்ணுவது? மனைவி வெள்ளை உடுத்த வேண்டுமா, கூடாதா? இந்தக் கேள்விகளைச் சட்டமும் அதன் மொழியில் கேட்டது. ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டு தகவல் இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்றது அப்போது நடைமுறையில் இருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. அரசு அதற்காகத் தனி ஏற்பாடு செய்து காத்திருப்பைக் குறைத்தது. அது நல்ல காரியம். ஆனால் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிற நொடியில் ஒரு பெண் தன் கணவன் இறந்துவிட்டதாகத் தானே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பணம் வேண்டுமென்றால் நம்பிக்கையைக் கைவிட வேண்டும். இப்படி ஒரு பேரத்தை எந்த அரசும் தெரிந்து வைப்பதில்லை. பண்பாடு தெரியாத நடைமுறை தானாகவே அதை வைத்துவிடுகிறது.

மணக்குடி என்றதும் அந்தப் பாலம் நினைவுக்கு வருகிறது. பழையாறு கடலில் சேரும் இடத்தில் கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைத்த பாலத்தை 2004இல் அலை பெயர்த்துத் தூக்கிப் போட்டது. கான்கிரீட் பாளங்கள் ஆற்றுக்குள் கிடந்ததைப் பார்க்க உள்நாட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பிறகு கட்டிய பாலத்துக்கு லூர்தம்மாள் சைமன் பெயர். 1957இல் குளச்சலில் வென்று, காமராசர் அமைச்சரவையில் மீன்வளத்தையும் உள்ளாட்சியையும் பார்த்தவர். கடற்கரையிலிருந்து ஒரு பெண் அமைச்சரானார் என்பதைச் சொல்லும்போதே அதற்குப் பிறகு யார் என்ற கேள்வியும் வந்து நிற்கிறது. இந்த மாவட்டத்துத் தொகுதிகளை வரைந்திருக்கும் விதத்தில் கடப்புறம் எல்லாவற்றிலும் ஓரம். எதிலும் பெரும்பான்மை இல்லை. ஓரத்தில் இருக்கிறவர்களின் பேச்சை ஆயர் இல்லமும் பங்குத்தந்தையும்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அஜந்தா சுப்ரமணியன் 2009இல் எழுதிய ஆய்வுநூல் இந்தக் கரையைப் பற்றியதுதான். திருச்சபையின் கீழ் இருந்துகொண்டே அரசிடம் உரிமை கேட்கவும், சில வேளை அந்தத் திருச்சபையையே எதிர்த்து நிற்கவும் இந்த மக்கள் கற்றுக்கொண்ட கதையை அது சொல்கிறது.

சுனாமிக்கு எல்லோரும் வந்தார்கள் என்றேன். எங்கள் தெருவிலிருந்தும் போனோம். பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் கல்யாண மண்டபங்களும் முகாம்களாயின. சாதம் வடித்து, சாம்பார் வைத்து, வேனில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் அதற்கு முன் ஒருமுறைகூடக் கடப்புறத்து வீட்டுக்குள் நுழையாதவர்கள் இருந்தார்கள். குளச்சலில் மீட்புக்கு ஓடியவர்களில் அந்த ஊர் முஸ்லிம் இளைஞர்களும் இருந்தார்கள். இதை வெறும் மனிதநேயம் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அதன் பின்னால் 1982 இருந்தது.

அந்த ஆண்டு மாசிக் கொடைவிழாவின்போது மண்டைக்காட்டில் மூண்ட கலவரம் இந்த மாவட்டத்தைக் கடலோரம், உள்நாடு என்று மட்டுமல்ல, கிறிஸ்தவர், இந்து என்றும் பிளந்துவிட்டது. துப்பாக்கிச் சூடு, எரிந்த குடிசைகள், வேணுகோபால் விசாரணை ஆணையம். குன்றக்குடி அடிகளார் வந்து ஊர் ஊராக நடந்து சமாதானம் பேசினார். அதற்குப் பிறகும் இருபது ஆண்டு இரண்டு பக்கமும் பேச்சு ஒரு அளவுக்கு மேல் போகவில்லை. மீன் வாங்குகிற உறவு மட்டும் அறுபடவில்லை. கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக வந்த பெண்கள் கலவரம் அடங்கியதும் மறுபடி வந்தார்கள். எங்கள் அம்மா சாளை வாங்கும்போது திண்ணையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பார். யார் வீட்டில் கல்யாணம், யாருக்குப் பேறுகாலம் என்று இரண்டு பேரும் பேசுவார்கள். 2004இல் எங்கள் தெருப் பெண்கள் கடற்கரைக்குப் போனபோது முதலில் கேட்ட கேள்வி, நம்ம மீன்காரம்மா இருக்காளா என்பதுதான். நிவாரணம் போன வழி அரசு போட்ட வழி அன்று. அந்தப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் நடந்து போட்டிருந்த வழி.

ஆனால் நிவாரணப் பட்டியல் வந்தபோது அதே பெண்கள் அதில் இல்லை. படகு இழந்தவருக்குப் படகு, வலை இழந்தவருக்கு வலை, என்ஜின் இழந்தவருக்கு என்ஜின். மீன் விற்கிறவளுக்கு என்ன சொத்து? ஒரு கடவம், ஒரு சருவம், கைமாற்றாக வாங்கிய முதல், இத்தனை தெருவில் இத்தனை வீடு என்ற பழக்கம். இவற்றுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. 1980களில் இந்த மாவட்டத்து மீனவ ஊரில் தங்கி ஆய்வு செய்த கல்பனா ராம், முக்குவப் பெண்கள் கையில்தான் குடும்பத்தின் பணமும் கடனும் ஓடுகின்றன என்று விரிவாக எழுதியிருக்கிறார். பணம் ஓடுகிற கையைப் பட்டியல் பார்க்கவில்லை. கடலுக்குப் போகிறவன்தான் மீனவன் என்ற நினைப்பு அரசு அலுவலகத்திலும் இருந்தது, பங்குப் பேரவையிலும் இருந்தது. படகில்லாமல் பங்குக்குப் போகிற தொழிலாளி, கருவாடு போடுகிறவர், ஐஸ் உடைக்கிறவர், கடற்கரையை அண்டிப் பிழைத்த பிற சாதியார் எல்லோரும் அதே ஓட்டையில்தான் விழுந்தார்கள். ஒக்கியில் காணாமல் போன படகுகளில் வெளிமாநிலத் தொழிலாளர்களும் இருந்தார்கள். அவர்களுக்காக எந்தக் கோயில் நோட்டைத் திறக்கும்?

நாகப்பட்டினம் பக்கம் இதே கதைக்கு வேறு உருவம். தமிழ்நாட்டில் சுனாமியில் இறந்த ஏறக்குறைய எட்டாயிரம் பேரில் ஆறாயிரத்துக்கு மேல் அந்த மாவட்டத்தில். அங்கே கோயில் பதிவேட்டின் இடத்தில் பட்டினவர் ஊர்ப் பஞ்சாயத்து இருந்தது. நிவாரணம் கொண்டுவந்தவர்கள் பஞ்சாயத்தாரிடம் கொடுத்தார்கள், அவர்கள் வீடுவீடாகச் சமமாகப் பிரித்தார்கள். அமெரிக்க ஆய்வாளர் டேனியல் ஆல்ட்ரிச் 2012இல் வெளியிட்ட நூலில் கோபே, நியூ ஆர்லியன்ஸ் ஆகியவற்றோடு தமிழ்நாட்டுக் கடற்கரையையும் வைத்துப் பார்த்திருக்கிறார். ஊர்க்கட்டு வலுவாகவும் வெளியே தொடர்பு உள்ளதாகவும் இருந்த கிராமங்கள் சீக்கிரம் மீண்டன என்கிறார். அதே ஊர்க்கட்டு தலித்துகளையும் விதவைகளையும் ஊர் வரியில் சேராதவர்களையும் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது என்பதையும் அவரே சொல்கிறார். எங்கள் கரையைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. ஊர் என்பது எங்களுக்குத் தாய்மடி. அந்த மடியில் யாருக்கு இடம் என்று ஊர்தான் முடிவு செய்தது.

வீடுகள் கட்டிய காலத்தில் இன்னொரு வகை நோட்டு வந்தது. 2005 மார்ச் 30இல் தமிழக அரசு பிறப்பித்த 172ஆம் எண் அரசாணைப்படி, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் உள்ளே போனால் புது வீடு. போக மனமில்லாதவர் இருந்த இடத்தில் தம் சொந்தச் செலவில் சரிசெய்து கொள்ளலாம், உதவி கிடையாது. கட்டாயம் என்ற சொல் இல்லை. ஆனால் எல்லாம் இழந்தவனுக்கு அதைவிடப் பெரிய கட்டாயம் வேறென்ன? ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பில் முன்னூறு சதுர அடியைச் சற்றே தாண்டும் வீடு. தொண்டு நிறுவனங்களும் கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூகசேவைச் சங்கமும் கட்டின. பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும். இந்த ஒரு வரிக்காக அந்தத் திட்டத்தை வகுத்தவர்களை மனதார வாழ்த்துகிறேன். இந்தக் கரையில் வீடு அதிகாரபூர்வமாகப் பெண்ணுக்கும் ஆனது. குமரியில் நிலம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மாநிலத்திலேயே நெருக்கமான மாவட்டங்களில் ஒன்று இது. கிடைத்த இடத்தில் வரிசையாகக் கட்டினார்கள். காற்றின் போக்கைப் பார்க்க, கடலின் நிறத்தைப் பார்க்க, படகைக் கண்பார்வையில் வைக்க முடியாத இடங்களும் அவற்றில் உண்டு. கருவாடு காயப்போட மணல் இல்லை. இருபது ஆண்டு ஆகியும் அவற்றுக்குச் சுனாமி காலனி என்றுதான் பெயர். அங்கே பிறந்து, சுனாமியைக் கண்ணால் காணாத பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் முகவரி சொல்லும்போது அந்தப் பேரிடரின் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கத்தில் நிலைமை இன்னும் கடுமை. இலங்கையில் தெற்கே 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் என்று கட்டக்கூடாத எல்லையை வகுத்தார்கள். ஒரே அலைக்கு இரண்டு அளவுகோல். தமிழரும் முஸ்லிம்களும் வாழ்ந்த பக்கத்தில் அகலம் அதிகம். நிவாரணத்தைப் பகிர அரசும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூன் 24இல் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். அதை எதிர்த்து ஜேவிபி கட்சி முன்பே ஆளும் கூட்டணியை விட்டு வெளியேறியிருந்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15இல் இந்தோனேசிய அரசும் அச்சே விடுதலை இயக்கமும் ஹெல்சிங்கியில் சமாதானம் செய்துகொண்டன. அதே அலை, ஓரிடத்தில் முப்பதாண்டுப் போர் முடிந்தது, இன்னோரிடத்தில் போர் இன்னும் கொடியதாக மூண்டது. அலை எதையும் தீர்மானிக்கவில்லை. அலைக்கு முன் மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படி வைத்திருந்தார்கள் என்பதே தீர்மானித்தது.

எங்கள் மாவட்டத்திலும் அப்படித்தான். மண்டைக்காட்டுக்குப் பிறகு சமாதானம் பேசிய மனிதர்கள் இல்லாவிட்டால், 2004இல் சாம்பார் வாளியோடு போன வேன்கள் போயிருக்காது. 2004இல் உருவான அந்த நெருக்கம் தொடர்ந்திருந்தால் 2017இல் உள்நாட்டுக்குச் செய்தி எட்ட நாலு நாள் ஆகியிருக்காது. இடையில் துறைமுகத் திட்டம் வந்தது. வேண்டும் என்று உள்நாட்டில் சிலர், வேண்டாம் என்று கடப்புறத்தில் எல்லோரும். வளர்ச்சியைத் தடுக்கிறார்கள் என்று ஒரு பேச்சு, பிறகு அதற்கு மதச்சாயம். ரயில் மறியல் நாளில் எங்கள் பக்கத்தில், இவர்களுக்கு இதே வேலை என்று சொன்னவர்களைக் கேட்டேன். அவர்களுடைய வாழைத்தோட்டமும் அதே காற்றில்தான் விழுந்திருந்தது. வாழைக்கு நிவாரணம் கேட்டு அவர்களும் அலுவலகம் அலுவலகமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒரே புயலில் அடிபட்ட இரண்டு கூட்டமும் சேர்ந்து ஒரு மனு கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் எந்த அரசும் இவ்வளவு தாமதித்திருக்க முடியாது.

மீட்சி என்பதை வீடு, படகு, நிவாரணத் தொகை என்று மட்டும் எண்ணுகிறவர்களுக்கு நான் 2018 ஆகஸ்டைச் சொல்வேன். ஒக்கி வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. கேரளத்தில் வெள்ளம். திருவனந்தபுரக் கரையின் மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு பத்தனம்திட்டைக்கும் செங்கன்னூருக்கும் போனார்கள். கூப்பிட்டுத்தான் போனார்கள் என்றில்லை. எட்டு மாதத்துக்கு முன் கடலில் தங்கள் ஆட்களைத் தேடிப் போக யாரும் இல்லை என்று அழுத கரை அது. அந்த நாட்களில் அவர்களோடு போய்வந்த தூத்தூர்க்காரர் ஒருவர் என்னிடம் பேசியபோது குரல் நிமிர்ந்திருந்தது. நிவாரணம் வாங்குகிறவராகப் பேசிப்பேசிக் குனிந்திருந்த குரல் அது. அடுத்தவரைக் காப்பாற்றுகிறவராக ஒரு வாரம் இருந்ததும் மாறிவிட்டது. மனிதர்கள் தங்கள் தொழிலால், தங்கள் தெரிவால் நிமிர்கிறார்கள். 2004இல் பழந்துணி மூட்டைகளை வேண்டாம் என்று ஒதுக்கியவர்களைத் திமிர் பிடித்தவர்கள் என்றவர்களுக்கு அது புரியவே இல்லை.

ஒக்கிக்குப் பிறகு சாட்டிலைட் போன்கள் வந்தன, நாவிக் எனும் செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவிகள் வந்தன. தூண்டில் வளைவுகள் நீண்டன. தேங்காப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து படகு கவிழ்ந்து ஆட்கள் சாவது மட்டும் நிற்கவில்லை. அந்த வாய் எப்படி அமைய வேண்டும் என்று நீவாடு எனும் நீரோட்டமும் காற்றும் அறிந்தவர்கள் தொடக்கத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாக வாங்கிக்கொள்கிறார்கள். திட்டம் போடும் கூட்டத்தில் அறிவாக வாங்குவதில்லை.

சுனாமியின் முதலாண்டு நினைவுக்குச் சில நாள் முன்புதான், 2005 டிசம்பரில், இந்தியாவின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஆட்சியர் தலைமையில் ஓர் ஆணையம் என்கிறது அது. அதில் காவல் அதிகாரிக்கும் மருத்துவ அதிகாரிக்கும் இடம் உண்டு. உள்ளாட்சிப் பிரதிநிதி ஒருவருக்கும் உண்டு. ஆழ்கடலுக்குப் போகிற ஒருவருக்கோ மீன் விற்கிற ஒரு பெண்ணுக்கோ, அவர் அந்தத் தொழிலில் இருப்பதால் கிடைக்கிற இடம் அதில் இல்லை. நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. படகு புறப்படும்போதே அதில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரும், அஸ்ஸாம்காரர் பெயர் உட்பட, கொச்சியிலும் தேங்காப்பட்டணத்திலும் ஒரே ஏட்டில் ஏறட்டும். மீன் விற்கும் பெண்களைத் தொழிலாளராகப் பதிவு செய்யட்டும். ஊரும் கோயிலும் ஜமாஅத்தும் வைத்திருக்கும் பட்டியல்களைப் பேரிடர் வரும் முன்பே அரசு கேட்டு வாங்கி, விட்டுப்போனவர் யார் என்று அந்த ஊர்ப் பெண்களை வைத்தே சரிபார்க்கட்டும். அந்த ஆணையத்தின் மேசையில் நீரோடிப் பக்கத்திலிருந்து ஒருவரும் ஆரோக்கியபுரம் பக்கத்திலிருந்து ஒருவரும் உட்காரட்டும். அவர்களுக்கு எதிரே வாழை விவசாயி ஒருவரும் உட்காரட்டும். அடுத்த காற்று எந்த மாதம் வரும் என்று யாருக்கும் தெரியாது. அது வரும்போது இந்த மூவரும் ஏற்கெனவே ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்களாக இருந்தால், இந்த மாவட்டம் மீளும்.